சரித்திரத் தொடர்களில் துறவிகளைக் கோமாளியாக்குவது பற்றி

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூர் தேக்காவில் பூக்கடை வைத்திருக்கிறேன். மாலை கட்டும் மேசையில் ஒரு டேப்லட் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். கை நாரில் இருந்தாலும் காது வசனத்தில் இருக்கும். சரித்திரத் தொடர் என்றால் நானும் கடைப் பையன்களும் ஒன்றையும் விடுவதில்லை. பல்லவர் காலம், சோழர் காலம் என்று வரும் இந்தத் தொடர்களில் மதத்தைக் கிண்டல் செய்யும் விதம் எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது. கிண்டலே கூடாது என்று சொல்பவன் அல்ல நான். நம் முன்னோர் செய்த கிண்டலில் இருந்த படிப்பும் துணிச்சலும் இவற்றில் இல்லை என்பதுதான் என் குறை.

அண்மையில் பார்த்த ஒரு தொடரைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் எடுத்தது. கதாநாயகன் சிவபக்தன். எதிரே ஒரு சமண முனிவர். அவர் தலை தெரிந்தாலே பின்னணியில் கோமாளி இசை போடுகிறார்கள். ஒரு காவலாளி அவருடைய மொட்டைத் தலையில் தட்டுகிறான். கையில் இருக்கும் மயிற்பீலியைப் பிடுங்கி அவருக்கே கிச்சுகிச்சு மூட்டுகிறான். நகைச்சுவை அவ்வளவுதான். அடுத்த காட்சியில் அதே முனிவர் அரசனுக்கு விஷம் வைக்கத் திட்டம் போடுகிறார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வாடிக்கையாளர், ஒரு குஜராத்தி அம்மா, கடை வாசலில் நின்றிருந்தார். ஜைனர். பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு வாய் சாப்பிடமாட்டார். தமிழ் தெரியாது, ஆனால் திரையில் கீழே ஓடிய ஆங்கில வரிகளைப் படித்துக்கொண்டிருந்தார். "அந்தப் பீலி எதற்கு என்று இதை எடுத்தவர்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். உட்காரும் இடத்தில் எறும்போ பூச்சியோ இருந்தால் நசுங்கிவிடாமல் மெதுவாக ஒதுக்கிவிடுவதற்குத்தான் அது. எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டிருந்த பையன்களுக்குத் தெரியாது. அவர் செவ்வந்தியை வாங்கிக்கொண்டு வேறு பேச்சில்லாமல் போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க வேலையே ஓடவில்லை.

நான் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். கடையநல்லூர் முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளி அது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். மணிமேகலையில் மலர்வனம் புக்க காதை எனக்கு அறிமுகமானது அங்கேதான். பூ வியாபாரத்துக்கு வந்த பிறகு அது இன்னும் நெருக்கமாகிவிட்டது. மணிமேகலை மாலை தொடுக்கும்போது அவள் கண்ணீர் பூவில் விழுந்துவிடுகிறது. மாலையின் தூய்மை போய்விட்டது, புதுப்பூ பறித்து வா என்று மாதவி அனுப்புகிறாள். தோழி சுதமதியோடு அவள் புகார் வீதியில் போகிறாள். அந்த வீதியில், கூட்டம் கூடி வேடிக்கை பார்க்க, ஒரு குடிகாரன் சமண முனிவர் ஒருவரை வழிமறித்து நிற்கிறான். அடிகளே வாருங்கள் என்று கும்பிட்டுவிட்டு, கள்ளைக் காட்டிக் கேட்கிறான்: "கொலையும் உண்டோ கொழுமடல் தெங்கின் விளைபூந் தேறலில் மெய்த்தவத் தீரே?" தென்னையில் ஊறிய கள்தானே, இதில் எந்த உயிரைக் கொன்றார்கள், குடித்துத்தான் பாருங்களேன் என்கிறான்.

இதுவும் சமணரைக் கிண்டல் செய்வதுதான். எழுதிய சாத்தனார் பௌத்தக் காப்பியம் பாடியவர். சமணம் அவருக்கு எதிர்த்தரப்பு. ஆனால் இந்தக் குடிகாரன் முனிவரின் தலையில் தட்டவில்லை. கொல்லாமை என்ற அவருடைய கொள்கையைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறான். அந்தக் கொள்கை தெரிந்தவனுக்குத்தான் சிரிப்பே வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த முனிவரை அறிமுகப்படுத்தும் இடத்தில் அவருடைய அம்மணத்தையும் குளிக்காத மேனியையும் சொல்லும் அதே சாத்தனார், "காணா உயிர்க்கும் கையற்று ஏங்கி" என்றும் எழுதுகிறார். கண்ணுக்குத் தெரியாத உயிருக்காகவும் வருந்துகிறவர் என்று எதிர்த்தரப்பு முனிவரைப் பற்றி ஒரு பௌத்தப் புலவர் சொல்கிறார். அந்தத் தொடரை எடுத்தவர்கள் இந்த நான்கு சொல்லைப் படித்திருந்தால் பீலியை அப்படிப் பிடுங்கியிருக்கமாட்டார்கள்.

பல்லவர் காலத்தைத்தான் காட்ட வேண்டும் என்றால் மகேந்திரவர்மனைவிட்டு வேறு யாரிடம் போவது? 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அரசன் வடமொழியில் எழுதிய மத்தவிலாசம் என்ற நாடகம் முழுக்க முழுக்க மதக் கிண்டல். கதை நடப்பது காஞ்சிபுரத் தெருவில். சத்தியசோமன் என்ற காபாலிகன் (மண்டையோட்டில் பிச்சை எடுக்கும் சைவத் துறவி), கூடவே தேவசோமா என்ற பெண், இருவரும் நல்ல போதை. கள்ளுக்கடையைப் பார்த்து இது யாகசாலை மாதிரியே இருக்கிறது என்று அவன் வர்ணிக்கிறான். அப்புறம் பார்த்தால் பிச்சை வாங்கும் மண்டையோட்டைக் காணோம். அந்த வழியே வரும் நாகசேனன் என்ற புத்த பிக்குவைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். அந்தப் பிக்குவும் லேசுப்பட்டவர் அல்ல. நல்ல சாப்பாட்டையும் படுக்கையையும் அனுமதித்த புத்தர் மதுவையும் மங்கையையும் மட்டும் எப்படி மறுத்திருப்பார், கிழட்டுப் பிக்குகள்தான் அந்த ஏட்டை ஒளித்துவிட்டார்கள் என்று தனக்குள் புலம்பிக்கொண்டு வருகிறவர். பாசுபதன் என்ற வேறொரு பிரிவுச் சைவத் துறவி ஒருவன் நடுவில் புகுந்து பஞ்சாயத்து செய்கிறான். கடைசியில் மண்டையோட்டைத் தூக்கிப்போனது ஒரு நாய் என்று தெரிகிறது.

இதில் நான் மதிப்பது ஒன்று உண்டு. திருச்சியிலும் மண்டகப்பட்டிலும் மலையைக் குடைந்து கோயில் எடுத்த அரசன், சிவனை வணங்கும் காபாலிகனையும் பாசுபதனையும் பிக்குவுக்குச் சமமாகவே கேலி செய்கிறான். தன்னையும் விடவில்லை. வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற பேச்சு வரும்போது, பிக்குவிடம் விகாரைப் பணம் இருக்கிறது, அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. யாருடைய நீதிமன்றம் அது? எழுதியவனுடையதேதான். இந்த நாடகத்தைக் கேரளக் கோயில்களில் இன்றும் கூத்தாக ஆடுகிறார்கள், அதுவும் வழிபாடாக.

நாடகம் படித்த என் மகள் கிரேக்கத்திலும் இப்படி உண்டு என்றாள். கி.மு. 405இல் ஏதென்ஸில், டயோனைசஸ் தெய்வத்தின் திருவிழாவில், அதே தெய்வத்தைப் பயந்தாங்கொள்ளியாக மேடையில் காட்டியிருக்கிறார்கள். பேய்க்குப் பயந்த தெய்வம், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தன் சொந்தப் பூசாரியிடம் ஓடிக் காப்பாற்று என்கிறதாம். தன் சாமியைத்தான் கிண்டல் செய்தார்கள், அடுத்தவன் சாமியை அல்ல. திருவாரூர் இறைவனைப் பார்த்து "வாழ்ந்து போதீரே" என்று சுந்தரர் ஏசிப் பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இது புரியாததா?

சிங்கப்பூரில் மதம் என்றாலே தயாரிப்பாளர்கள் தயங்குவது எனக்குத் தெரியும். தயக்கம் நியாயமானது. 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது சும்மா அல்ல. சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில், ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், புத்தர் பல் ஆலயம் மூன்றும் ஒரே சாலையில் நிற்கின்றன. வசந்தம் தொலைக்காட்சி நாடகங்களில் கீழே ஆங்கிலம் ஓடுவதால் பக்கத்து வீட்டுச் சீனரும் மலாய்க்காரரும் பார்க்கிறார்கள். ஆனால் தயக்கம் தவறான இடத்தில் போய் முடிந்துவிடக் கூடாது. பெரிய மதங்களைத் தொட்டால் வம்பு என்று, எண்ணிக்கையில் குறைந்த, சத்தம் போடாத சமணரைக் கோமாளியாக்குவது எச்சரிக்கையே ஆகாது. ஆள் பார்த்து அடிப்பது அது.

இங்கே நாடகம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்கு மத்தவிலாசத்தைத் தமிழில் எழுதித் தொலைக்காட்சி நாடகமாக எடுங்கள். ஒரு தெரு, ஒரு கள்ளுக்கடை, விரல்விட்டு எண்ணக்கூடிய நடிகர்கள், ஒரு நாய். போர்க்களம், அரண்மனை என்று செலவு கிடையாது. எழுதி முடித்ததும் நாகசேனனின் வசனத்தைப் பௌத்தர் ஒருவரிடமும், காபாலிகனின் வசனத்தைச் சைவம் படித்த ஒருவரிடமும் வாசித்துக் காட்டுங்கள். கொள்கையைத் தவறாகச் சொல்லியிருந்தால் திருத்திவிட்டுப் படப்பிடிப்புக்குப் போங்கள்.

இப்படிக்கு,
பூக்கடை நடத்தும் வாசகர்,
தேக்கா