ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் அவர்களுக்கு, மதுரை செல்லூரிலிருந்து வணக்கம்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்து நாலு வருடமாகிறது. இடது கையும் காலும் விளங்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், விட்டால் இடுப்பில் புண் வந்துவிடும். ராத்திரி 2 மணிக்கு அலாரம் அடிக்கும் முன்பே எனக்கு முழிப்பு வந்துவிடுகிறது. விளங்காத கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் கழன்றுவிடும். தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்து மெதுவாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து, பழைய சேலையைச் சுருட்டிக் கெண்டைக்காலுக்குக் கீழே வைப்பேன். தையல் கடை வேலையை விட்டாச்சு. அழகர் ஆற்றில் இறங்குவதையும் நாலு சித்திரையாகப் பார்க்கவில்லை. நடந்து போகிற தூரம்தான்.

2011 கணக்கெடுப்பில் வீட்டுப் பணி மட்டும் பார்க்கிறவர்கள் ‘வேலை செய்யாதோர்’ பகுதியில் போனார்கள். இந்த முறை என்னையும் அங்கேதான் எழுதுவீர்கள். எனக்கு அது சம்மதமில்லை.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பே சொல்கிறது: 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டிலுள்ளவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள், நாளுக்கு 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதம், 74 நிமிடம். பிள்ளை வளர்ப்பதும் இதற்குள் அடக்கம். அந்த எண் 59 வயதோடு நின்றும்விடுகிறது. எங்கள் தெருவிலோ எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருத்தர் தினமும் தாத்தாவைத் தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டுகிறார். எதிர்வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை, அம்மாவுக்கு ஊட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் ஓடுகிறது. இவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 முதலே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், முடியாதவரைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது உட்பட. 2021இல் சுமார் 50 லட்சம் பேர் ‘ஆமாம், பார்த்துக்கொள்கிறேன்’ என்று பதில் தந்தார்கள். நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றிப் பேசுகிறது. சரி, இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணாமல் எதை வைத்துப் பணம் ஒதுக்குவது?

2027 பிப்ரவரியில் ஆள் கணக்கு எடுக்க வருகிறீர்கள். சாதி கேட்கப் போகிறீர்கள், கேளுங்கள். கூடவே, ‘நோயாலோ முதுமையாலோ உடல் முடியாதவரைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறீர்களா, வாரத்தில் எத்தனை மணி நேரம்?’ என்றும் கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளையிலிருந்து எண்பது வயது வரைக்கும் எல்லாரையும் கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர் மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் நல்லது. அத்தை அப்போதுதான் தூங்குவார்கள். நானும் நின்று பதில் சொல்ல முடியும்.