ஞாயிற்றுக்கிழமைப் படம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிறு நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றின் படமும் பத்திரமாக இருக்கிறது. இரண்டையும் பெரிய திரையில் அருகருகே திறந்து வைத்து நெடுநேரம் பார்த்தேன். மழை பெய்து ஓய்ந்த சன்னல் கண்ணாடி, அதில் வழிய மனமின்றித் தொங்கும் துளிகள், அவற்றுக்கு அப்பால் ஃபோகஸ் விலகி மஞ்சள் வட்டமாகிவிட்ட தெருவிளக்கு. துளியின் விளிம்பில் ஃபோகஸ் கச்சிதமாக விழுந்திருக்கிறது. இடப்பக்கம் நீ விட்டிருக்கும் இருட்டும் அளவாகவே இருக்கிறது. ஆனால் கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றிவிட்டாய். அதனால் நிழற்பகுதி முழுவதும் பொடிப் புள்ளிகளாக நாய்ஸ் தெரிகிறது. ஷட்டர் 1/8 விநாடி என்று பார்த்தேன். ட்ரைபாடில் வைத்து ஐஎஸ்ஓவை 200-க்கு இறக்கி, ஷட்டரை நான்கு விநாடி திறந்து வைத்திருந்தால் இதே வெளிச்சம் சுத்தமாகக் கிடைத்திருக்கும். ட்ரைபாட் உன்னிடம் இருக்கிறது. நாங்கள் பொதி கட்டியபோது அடியில் வைத்து அனுப்பியது நான்தான்.

படத்தோடு சேர்ந்து வரும் விவரங்களையெல்லாம் படித்துப் பார்ப்பது என் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். ஒன்று அதிகாலை 2.40 என்றும் மற்றொன்று 3.12 என்றும் காட்டுகின்றன. கேமராவின் கடிகாரத்தை நீ அங்கே போன முதல் வாரமே அந்த ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டாய், ஆகவே அது பிழையாக இருக்க வாய்ப்பில்லை. அந்த நேரத்தில் படமெடுக்கப் போதுமான வெளிச்சம் இருக்காது, கண்ணம்மா. அதைத்தான் சொல்ல வந்தேன்.

வைகாசியில் நடந்ததைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதுவதாக இல்லை. எதையும் கேட்கக் கூடாது என்று அப்பாவும் சொல்லியிருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, சித்தி வீட்டில் எல்லோரும் நலம், பெரியவனுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மற்ற செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது வெளிச்சத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போன வருடம் இதே நாட்களில் நீ எப்படி இருந்தாய் என்பதைப் படங்களை வைத்தே என்னால் சொல்ல முடியும். வாரந்தோறும் அந்த ஆற்றோர நடைபாதையில் இறங்கி, ஒரே வரிசை மரங்களை ஒரே இடத்தில் நின்று எடுத்து அனுப்பினாய். முதலில் உச்சிக் கிளையில் மட்டும் மஞ்சள். அடுத்த வாரம் பாதி மரம். பிறகு ஒரு வாரம் மரமே தெரியாத அளவுக்குத் தரையெல்லாம் இலை. இலைப்பச்சையம் சிதையும்போது கோடை முழுவதும் அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது என்றும், சிவப்பு மட்டும் அந்தப் பருவத்தில்தான் இலைக்குள் புதிதாக உருவாகிறது என்றும் நீ எழுதியதைப் படித்த பிறகுதான், உன் மூன்றாம் வாரத்துப் படத்தில் மஞ்சள் வரிசைக்கு நடுவே ஒரே ஒரு மரம் ஏன் கன்றிச் சிவந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நான் நேரில் பார்த்திராத பருவம் அது. உன் கண்ணால்தான் பார்த்தேன். இந்த வருடமும் அந்த மரங்கள் நிறம் மாறத் தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டது. ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வா. மழை நின்ற உடனே போனால் இன்னும் நல்லது; ஈர இலையின் பளபளப்புக்கு அடியில் நிறம் மறைந்திருக்கும், போலரைசர் ஃபில்டரை மெல்லத் திருப்பினால் அந்தப் பளபளப்பு விலகி நிறம் அப்படியே எழுந்து வரும்.

பாலத்தில் சைக்கிளோடு ஒருவர் மூடுபனிக்குள் கரைந்து போகிறாரே, அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன் நின்றுவிடுகிறார்கள். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும், அதனால் அதன் போக்கில் விட்டால் வெண்பனி அழுக்குச் சாம்பலாகப் பதிவாகும் என்பதை நான் உனக்குச் சொல்லித் தந்ததே இல்லை. நீயாக, ஒளியின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது பதியும் ஒளியை இரட்டிப்பாக்கி, பனியைப் பனியாகவே வைத்திருக்கிறாய். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், உன்னிடம்தான் இதுவரை சொன்னதில்லை. இப்படி ஒரு கண் வாய்த்தவள் அந்த நடைபாதைக்கு வைகாசிக்குப் பிறகு ஒரு நாள்கூடப் போகவில்லை என்றால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். போயிருந்தால் படம் வந்திருக்கும்.

நான் இங்கே ஏரிக்கரைக்குப் போவதை விடவில்லை. மழையோ வெயிலோ, விடிவதற்கு முன் மதகுக் கல்லில் போய் நின்றுவிடுகிறேன். ஒரே ஏரியையும் ஒரே இலவ மரத்தையும் எத்தனை முறை எடுப்பாய் என்று அப்பா கேட்கிறார். அது ஒரே ஏரியாக ஒரு நாளும் இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். பனிக்காலத்தில் முதல்நாள் இரவு மேகமில்லாமல் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால், மறுநாள் மூடுபனி கிடைக்கும் என்று நம்பிப் போகலாம்; அத்தகைய இரவில்தான் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்து, அதையொட்டிய ஈரக்காற்றையும் குளிரவைக்கிறது. அந்தப் பனிக்குள் மரத்தின் கீழ்ப்பாதி மறைந்து, கிளைகள் மட்டும் மிதந்து நிற்கும். வெயில் ஏறியதும் எல்லாம் போய்விடும், ஆகவே தாமதமாக எழுகிறவர்களுக்கு அது கிடைக்காது.

மாசியில் மரம் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்கிளையில் பூக்கிறது. உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த சிவப்பு இதழ்கள். மைனாவும் கரிச்சானும் காக்கையும் தேனுக்காக முட்டிமோதிக்கொண்டு வரும். இந்த வருடம் ஒரு மைனா பூவுக்குள் தலையை முழுவதுமாக நுழைத்துவிட்டு வெளியே எடுத்தபோது, அதன் நெற்றியிலும் அலகின் மேலும் மகரந்தம் அப்பியிருந்தது. அலகு நுனியில் ஒரு சொட்டுத் தேன் விழாமல் நின்றது. ஷட்டரை 1/1000 விநாடியில் வைத்திருந்ததால் அந்தச் சொட்டு அசையாமல் பதிந்திருக்கிறது. அந்தப் படத்தை உனக்கு அனுப்பினேன், நீ உடனே பதில் எழுதினாய். சித்திரையில் காய்கள் வெடித்துப் பஞ்சு பறந்ததையும் அனுப்பினேன். எதிர்வெயிலில் ஒவ்வொரு இழையும் ஒளிர்ந்தது. அதற்கும் பதில் வந்தது. அதற்குப் பிறகு ஆனிக் காற்றில் ஏரி முழுவதும் சுருக்கம் விழுந்து கிடந்ததை அனுப்பினேன், ஆடியில் மேகம் இறங்கி வந்ததை அனுப்பினேன். அவற்றுக்குப் பதில் இல்லை. இலவு காத்த கிளி என்று சும்மா சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு இந்தச் சன்னல் படங்கள் வந்தன.

சன்னல் வழியாக எடுப்பது குறைவு என்று நான் நினைப்பதாக எண்ணிவிடாதே. கேமராவால் எடுக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் படங்களில் மிகப் பழையது பிரான்சில் நிசேஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827-இல் தன் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்ததுதான். வெளிச்சம் பதிய மணிக்கணக்காக ஆனதால், சூரியன் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்ந்து, இரு பக்கத்துக் கட்டடங்களிலும் வெயில் விழுந்திருக்கும். பிராக் நகரத்து யோசஃப் சுதெக்கைப் பற்றியும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர், நாடு அந்நியர் பிடியில் இருந்த காலத்தில் தன் ஸ்டூடியோச் சன்னலை எடுக்கத் தொடங்கி 1954 வரை எடுத்துக்கொண்டே இருந்தார். ஆவி படர்ந்த கண்ணாடி, அதற்குப் பின்னால் முற்றத்து வளைந்த மரம், அவ்வளவுதான். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் அவரே கனமான கேமராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு, அந்த ஒற்றைக் கையோடு நகரமெல்லாம் நடந்தார், குன்றுகளிலும் காடுகளிலும் அலைந்தார். சன்னலுக்கு உள்ளேயும் இருந்தார், வெளியேயும் போனார். நீயும் சன்னல் படங்களை எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பகலிலும் எடு. வெளியேயும் போ.

இன்னொன்று. கேமராவையும் லென்ஸையும் பைக்குள் போட்டு மூடியே வைத்திராதே. காற்றும் வெளிச்சமும் படாமல் ஈரத்தில் கிடந்தால் லென்ஸின் உட்புறக் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். முதலில் நூல் நூலாகப் படர்ந்து, பிறகு கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும், அதன்பின் துடைத்தாலும் தழும்பு போகாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது நல்லதுதான், ஆனால் அடிக்கடி வெளியே எடுத்துப் புழங்குவதைப் போல வேறு காப்பு இல்லை. குளிர் ஏறிய பிறகு வெளியே போய் வந்தால், சூடான அறைக்குள் நுழைந்த உடனே பையைத் திறக்காதே, அரைமணி நேரம் மூடியே வை. இல்லாவிட்டால் கண்ணாடியில் நீர் பூத்துவிடும். கையுறை போட்டுக்கொள். போன குளிரில் போட்டுக்கொள்ளாமல் போய் விரல் மரத்துப்போனது என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். மதகுக் கல்லிலிருந்து பார்த்தால் மார்கழியில் சூரியன் இலவ மரத்துக்கு வலப்பக்கம் வெகுதூரம் தள்ளி எழும், ஆனியில் இடப்பக்கம் அதே அளவு தள்ளி எழும். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் வரும் வித்தியாசம் இது. நீ இருக்கும் வடக்கில் இந்த வீச்சு இன்னும் பெரியது. இரண்டு ஓரங்களிலும் சூரியன் பல நாட்கள் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும், நடுவில் வரும்போதோ கிட்டத்தட்டத் தன் விட்டம் அளவுக்கு நாள்தோறும் நகர்ந்துவிடும். நாள் தவறினால் படம் தவறிவிடும் என்று சிறு வயதில் உன்னை எழுப்பி இழுத்துப் போவேனே, அது இதற்காகத்தான். செப்டம்பர் 22, 23 தேதிகளை ஒட்டி சூரியன் இங்கேயும் உன் ஊரிலும் ஏறக்குறைய நேர் கிழக்கில்தான் எழும். எனக்கு அது மரத்தின் பின்னாலிருந்து வரும். உனக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். பாலத்தின் எந்தக் கம்பத்துக்கு நேராக வருகிறது, ஆற்றில் எவ்வளவு தூரம் வெளிச்சம் நீள்கிறது, இதெல்லாம் அங்கே போய் நின்றால்தான் தெரியும்.

23-ஆம் தேதி காலையில் இருவரும் போவோம். நான் இங்கே, நீ அங்கே. முதல்நாள் இரவே பேட்டரியை சார்ஜ் போட்டுவிடு, மெமரி கார்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். சீக்கிரம் படுத்துவிடு. சூரியன் எழுவதற்கு அரைமணி முன்பாகவே போய் நின்றுவிடு. இங்கே அது செங்குத்தாக ஏறிவிடுவதால் விடியலின் நீல வெளிச்சம் சட்டென்று தீர்ந்துவிடுகிறது, உன் ஊரில் சாய்வாக ஏறுவதால் உனக்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி உச்சியில் இருப்பதைவிட ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து வருவதால் முதல் சில நிமிடங்களின் சிவப்புக்கு ஈடு இல்லை. அப்போதும் லென்ஸ் வழியாக நேராகப் பார்க்காதே, திரையில் பார்த்துக்கொள். மேகம் மூடியிருந்தாலும் பரவாயில்லை, மேகத்தை எடு. படம் நன்றாக வரவில்லை என்று தோன்றினாலும் அழிக்காமல் அனுப்பு. எடுத்த நேரம் காலை என்று அதில் இருந்தால் எனக்குப் போதும்.

அன்று மதியத்துக்குள் படம் வரவில்லை என்றால் நான் தொலைபேசியில் கூப்பிடுவேன், நீ எடுக்கும்வரை கூப்பிடுவேன். அப்பா என்ன சொன்னாலும் அன்று எல்லாவற்றையும் கேட்டுவிடுவேன். பேச முடியாவிட்டால் பேசாதே, அழைப்பை மட்டும் எடு.

அன்புடன்,
அம்மா