கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை காதைத் தீட்டு

டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே ஜூன் பிறந்தாலே மின்கட்டணத்தில் குளிர்கால விலை ஏறிவிடும், ஆகஸ்ட் முடிகிற வரை பில்லைப் பார்க்கவே பயமாக இருக்கும். பேக்கரிக் கணக்கை எழுதிக்கொண்டே உனக்குப் பதில் எழுதாமல் நாளைக் கடத்திவிட்டேன். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. வீட்டுக்கதை அவ்வளவுதான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பனியன் யூனிட்டில் பழைய காற்றுக் கம்ப்ரஸரை ஒரு கம்பெனிக்காரன் தன் காசிலேயே மாற்றித் தருகிறானாம், மிச்சமாகிற கரண்ட் காசில் ஐந்து வருடம் பங்கு கேட்கிறானாம், கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடலாம். ஆனால் நாங்கள் பட்டதைக் கேட்டுவிட்டுப் போடு.

எங்கள் பேக்கரியிலும் இதே மாதிரி ஒப்பந்தம்தான். விளக்கு, குளிர் அறை, கம்ப்ரஸர் எல்லாம் மாற்றினார்கள். முதல் வருடம் முடிந்ததும் அவர்கள் பில் அனுப்ப, முதலாளி குதித்தார். "கரண்ட் பில் போன வருஷத்தைவிடக் கூடியிருக்கு, எதுக்குடா உனக்குப் பங்கு?" அவர் சொன்னதும் பொய்யில்லை. இங்கே மின்சாரம் தயாரிக்கிற அரசு நிறுவனமான எஸ்காமுக்கு 2023-ல் 18.65 சதவீதமும் அடுத்த வருடம் 12.74 சதவீதமும் விலை ஏற்ற அனுமதி கிடைத்தது. எஸ்காமிடம் வாங்கி எங்களுக்கு விற்பது நகராட்சி என்பதால், ஏப்ரலில் அங்கே ஏறினால் ஜூலையில் இங்கே சுடும். போதாததற்கு நாங்கள் நடுவில் இரண்டாவது அடுப்பு வேறு போட்டிருந்தோம். பழைய மெஷின்களே இருந்திருந்தால் பில் எவ்வளவு வந்திருக்கும்? வராத பில்லை யார் காட்டுவது? வாய்ச்சண்டை வக்கீல் வரை போகப் பார்த்தது.

கடைசியில் கைகொடுத்தது ரொட்டிக் கணக்கு. பேக்கரியில் தினமும் எத்தனை ரொட்டி வெளியே போகிறது என்பது என் நோட்டில் இருக்கிறது (இந்த ஊரில் பன்னி சௌ என்று ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றித் தின்கிறார்கள், அதனால் எங்கள் ரொட்டிக்கு எப்போதும் கிராக்கி). ஆயிரம் ரொட்டிக்கு எத்தனை யூனிட் என்று போட்டுப் பார்த்தோம், அடுப்புக்குத் தனி மீட்டர் வைத்து அதைக் கழித்தோம். யூனிட் நன்றாகவே இறங்கியிருந்தது, விலைதான் அதை விழுங்கியிருந்தது. முதலாளி முனகிக்கொண்டே காசு கொடுத்தார்.

அதனால் உன் பத்திரத்தில் மிச்சத்தை ரூபாயில் எழுதவிடாதே, யூனிட்டில் எழுதச் சொல். ஒரு கிலோ துணிக்கு இத்தனை யூனிட் என்று இன்றைய கணக்கை இரண்டு பேரும் சேர்ந்து அளந்து, அதைப் பத்திரத்தோடு வைத்துத் தையுங்கள். ஷிஃப்ட் கூடினால், மெஷின் கூடினால் அந்தக் கணக்கை எப்படித் திருத்துவது என்பதையும் இப்போதே எழுதிவிடு, மனஸ்தாபம் வந்தபிறகு எழுத முடியாது. கம்ப்ரஸருக்கென்று தனி மீட்டர் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

பேங்க்கில் கடன் வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாமே என்கிறாய். கேட்டுப் பார். நாங்கள் கேட்டபோது அந்த மேனேஜர் கட்டிடம் இருக்கா, நிலம் இருக்கா என்றுதான் விசாரித்தார். பழைய கம்ப்ரஸரோ குளிர் அறைக் கதவு ரப்பரோ, ஜப்தி பண்ணினாலும் எடைக்குத்தானே போகும்! சோலார் என்றால் மட்டும் உடனே முகம் மலர்ந்தது. 2023-ல் அநேகமாகத் தினமும் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, ஊரே சோலார் பலகை வாங்க ஓடியது. 2024 மார்ச் கடைசியில் அது நின்றபிறகுதான் மூச்சு வந்தது. கூரையில் பலகை இருந்தால் தெருவுக்கே தெரியும், மோட்டார் மாற்றியதை யார் பார்க்கப் போகிறார்கள்?

அரசாங்கமும் ஏதோ தந்தது. 12எல் என்று ஒரு வரிப்பிரிவு, 2013 நவம்பரில் வந்தது. பிறகு அதில், மிச்சம் பிடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 95 சென்ட்டை வரி போடும் வருமானத்தில் கழித்துக்கொள்ள விட்டார்கள். வரியே 95 சென்ட் குறைந்தது என்று நினைத்துவிடாதே. கம்பெனி வரி 27 சதவீதம், ஆகக் கைக்கு வந்தது யூனிட்டுக்குச் சுமார் 26 சென்ட். லட்சம் யூனிட் மிச்சம் பிடித்தாலும் 25,650 ராண்ட்தான். அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆள் வந்து அளந்து சான்று தரவேண்டியிருந்தது, அவர் கூலி போக எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு என்ன மிஞ்சும்? சுரங்கம், உருக்காலைக்காரர்களுக்குச் சரி.

நகராட்சிகளின் பாடு இன்னும் விசித்திரம். ஜோகன்னஸ்பர்க் 2014-லேயே 146 கோடி ராண்டுக்குப் பசுமைப் பத்திரம் (சுற்றுச்சூழல் வேலைகளுக்குக் கடன் திரட்டும் பத்திரம்) வெளியிட்டது. மத்திய அரசு தெருவிளக்கு மாற்ற மானியமும் தருகிறது. ஆனால் மூன்று பட்ஜெட் வருடத்துக்கு மேல் நீளும் ஒப்பந்தம் என்றால் நகராட்சி நிதிச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: பொதுமக்கள் கருத்து, கருவூலத்தின் கருத்து, கவுன்சில் தீர்மானம் என்று இழுக்கும். விளக்கு மாற்றிய காசு மிச்சத்திலிருந்து திரும்பி வரவோ பல வருடம் பிடிக்கும். அப்புறம், கரண்ட் விற்றுச் சம்பாதிக்கிற நகராட்சி, குறைவாகச் செலவு பண்ணுங்கள் என்று நம்மிடம் மனசாரச் சொல்லுமா? பலசரக்குக் கடைக்காரர் அரிசியைக் குறைத்துச் சாப்பிடு என்ற மாதிரிதான். உங்கள் பக்கம் மொத்தமாக டெண்டர் விட்டு 2014-ல் 310 ரூபாயாக இருந்த எல்இடி பல்பின் கொள்முதல் விலையை 2016-ல் 38 ரூபாய்க்குக் கொண்டு வந்தார்களே, அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஒன்று செய். வருகிற ஞாயிற்றுக்கிழமை மெஷினெல்லாம் நின்றபிறகு கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, காற்றுக் குழாய் போகும் வழியெல்லாம் நட. உஸ்ஸென்று சத்தம் வருகிற மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவு, குமிழி வரும். நாங்கள் அப்படி ஒரே மதியத்தில் பதினோரு ஓட்டை பிடித்தோம். அதையெல்லாம் முதலில் உன் காசிலேயே அடைத்துவிட்டு, பிறகு அந்த ஆளை அளக்கக் கூப்பிடு. இல்லாவிட்டால் நூறு ரூபாய் வாஷருக்கு அவனுக்கு ஐந்து வருடம் பங்கு கொடுத்துக்கொண்டிருப்பாய்.

எத்தனை ஓட்டை என்று எழுது. பத்திர நகலையும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
கதிர்