வேனை ஓடவிடுங்கள்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து எங்கள் சிறப்புப் பள்ளியின் வேன் ஓடவில்லை என்பது தாங்கள் அறிந்ததே. டிரைவருக்கும் உடன் வரும் ஆயாவுக்கும் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் நின்ற வண்டி, இப்போது எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றும் காலாவதியாகிக் கிடக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுக்களின் ரசீது எங்கள் எல்லோர் கையிலும் இருக்கிறது. சென்ற வாரம் மறுபடியும் வந்தபோது உங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில் இது: "டவுன் பஸ்தான் ஃப்ரீயாச்சேம்மா, அதுல கூட்டிட்டுப் போங்க. முடியலன்னா வீட்டுக்கே வந்து சொல்லித் தருவாங்க."

2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்குச் செல்லும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. அதனால் பலன் பெற்றவர்கள் நாங்கள், நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் எங்களைத் தடுப்பது டிக்கெட் இல்லை, படிக்கட்டு. என் மகளுக்கு 13 வயது. மூளை முடக்குவாதம். இடுப்பில் வைத்துத் தூக்கும் வயதையும் எடையையும் தாண்டிவிட்டாள். ஒரு கையில் அவளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்து முதல் படியில் கால் வைப்பதற்குள் பின்னால் நிற்பவர்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. அவளுடைய சக்கர நாற்காலியை யாரிடம் ஏற்றச் சொல்வது? ஏறிவிட்டாலும் நிம்மதி இல்லை. பக்கத்தில் ஹாரன் அடித்தால் அவள் திடுக்கிடுவாள். உடனே உடம்பு வில்லாய் விறைத்து இரண்டு காலும் நீண்டுவிடும். அவளாகச் செய்வதில்லை, அவளால் அடக்கவும் முடியாது. எதிரில் நிற்பவர் மேல் கால் பட்டால் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுந்து இடம் கொடுப்பவர்கள் உண்டு. "இப்படிப்பட்ட புள்ளைய எதுக்கு ஸ்கூலுக்கு இழுத்துட்டு அலையுற?" என்று கேட்பவர்களும் உண்டு. இதையெல்லாம் புரிந்துகொள்ளும் அறிவு என் மகளுக்கு நன்றாகவே இருக்கிறது. பேச்சு மட்டும்தான் வராது.

எதற்காக இழுத்துக்கொண்டு அலைகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு எலும்பு வளரும் வேகத்துக்குத் தசை நீளாது. நாள் தவறாமல் காலை நீட்டிப் பயிற்சி கொடுத்தால்தான் முட்டி மடங்கியபடியே இறுகாமல் இருக்கும். பள்ளியில் அந்தப் பயிற்சி கொடுக்க பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். பெல்ட் போட்டு நிற்க வைக்கும் ஃப்ரேம் இருக்கிறது. வேன் ஓடியவரை என் மகள் அதில் நின்றபடி எதிரில் இருக்கும் பலகையில் வளையம் மாட்டுவாள். வேன் நின்ற பிறகு, போன மாதம் காலைத் தாங்கும் காலிபரைப் போட எடுத்தால் பட்டை எட்டவில்லை. குதிகால் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்க மறுக்கிறது. ஆபரேஷன் தேவைப்படுமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐயா, ஒரு டிரைவர் சம்பளத்தை மிச்சப்படுத்தியதற்கு விலையாக ஒரு பிள்ளையின் கால் போகிறது. கோபத்தை அடக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கே வந்து சொல்லித் தருவதைக் குறைத்துப் பேசமாட்டேன். படுக்கையை விட்டு எழவே முடியாத பிள்ளைகளுக்கு அது தேவை. வட்டார வள மையத்திலிருந்து வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வரும் சிறப்பாசிரியர்களின் பாடு எனக்குத் தெரியும். ஆனால் வருகிறவர் நிற்க வைக்கும் ஃப்ரேமையா கொண்டு வருவார்? பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கும் தோழியையா கொண்டு வருவார்? தடித்த பிடி வைத்த கரண்டியால் தானே எடுத்துச் சாப்பிட என் மகள் கற்றது, அருகில் இருந்த பையன் சாப்பிடுவதைப் பார்த்துத்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 31, ஆறு முதல் பதினெட்டு வயதுவரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ அவர்கள் விரும்பிய இடத்தில் இலவசமாகக் கற்கும் உரிமையை எங்கள் பிள்ளைகளுக்குத் தருகிறது. அதே சட்டத்தின் பிரிவு 16 போக்குவரத்து வசதியைப் பற்றிப் பேசுகிறது. அதிக ஆதரவு தேவைப்படும் பிள்ளையின் உதவியாளரையும் சேர்த்தே பேசுகிறது. நாங்கள் சலுகை கேட்கவில்லை. வேனை ஓடவிடுங்கள் என்கிறோம்.

ஊர் எங்களைக் கைவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சந்தையில் கடை போடும் அம்மாக்கள் வாரம் தவறாமல் காய்கறி கொடுத்தனுப்புகிறார்கள். வேனுக்கு டயர் மாற்றிய மெக்கானிக் கூலி வாங்கவில்லை. பிறந்தநாள், நினைவுநாள் என்று மதியச் சாப்பாடு போட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். சோறு போட ஊர் இருக்கிறது. அதைச் சாப்பிடப் பிள்ளைகள் வந்து சேர வேண்டாமா? மாதாமாதம் டீசலும் இரண்டு பேர் சம்பளமும் இன்சூரன்ஸும் ஊரின் இரக்கத்தால் நடக்கிற காரியம் இல்லை. நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அரசு விலகிக்கொள்ள முடியாது.

வருடா வருடம் டிசம்பர் 3ஆம் தேதி, மாற்றுத்திறனாளிகள் தினம் என்று மேடை போடுகிறீர்கள். எங்கள் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைக்கிறீர்கள். அன்றைக்கு மட்டும் அழைத்துப் போக வண்டி வந்துவிடுகிறது, திரும்பக் கொண்டுவந்து விடவும் வருகிறது. மற்ற நாட்களில் ஏன் வருவதில்லை? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட தாய்மார்கள் எங்களில் எத்தனையோ பேர். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையில் டயப்பர் வாங்குவதா, மருந்து வாங்குவதா, ஆட்டோவுக்குக் கொடுப்பதா? இதில் எதற்கும் யாரும் பொறுப்பாகப் பதில் சொல்வதில்லை.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாங்கள் நினைத்தால் முடியும் என்பதால்தான் தங்களுக்கே எழுதுகிறேன். வேனுக்கு எஃப்.சி. எடுக்க உத்தரவிடுங்கள். டிரைவருக்கும் ஆயாவுக்கும் மாதச் சம்பளம் நிரந்தரமாக வர வழி செய்யுங்கள். ஆயா இல்லாமல் வண்டியை மட்டும் விட்டால் பயனில்லை. வலிப்பு வரும் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து அனுப்ப எந்தத் தாய்க்கும் மனசு வராது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் வேன் எங்கள் ஊர்களுக்கு வர வேண்டும். முடியாது என்றால், எந்தக் காரணத்தால் முடியாது என்பதைத் தயவுசெய்து எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
பெற்றோர் சார்பில்,
ஒரு மாணவியின் தாய்