பின்னிணைப்பில் நின்ற நாரை

நிலப் பயன்பாட்டுத் திட்டம் வகுக்கும் குழுவினருக்கும், கட்டுமான அனுமதி வழங்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு கட்டுமானம் சுற்றியுள்ள நிலத்தையும் நீரையும் எப்படிப் பாதிக்கும் என்று சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளை நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். முன்பக்கங்கள் எல்லா அறிக்கைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எத்தனை பேருக்கு வேலை, எத்தனை மரக்கன்றுகள் என்று போகும். நிலம் எப்படி இருக்கிறது என்பது பின்னிணைப்பில்தான் தெரியும். ஒருமுறை ஓர் அறிக்கையின் முதன்மைப் பகுதி, 'திட்ட இடத்தில் நீர்நிலை எதுவும் இல்லை' என்றது. பின்னிணைப்பிலிருந்த புகைப்படத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது. கோடையில் மண் மாதிரி எடுக்கப் போனவர் எழுதியதும் பொய்யில்லை, மழைக்காலத்தில் படம் எடுத்தவர் காட்டியதும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே கோப்பாகத் தைத்தவருக்குத்தான் முரண் கண்ணில் படவில்லை. கோப்பைப் பார்த்து அனுமதி கொடுத்தவருக்கும் படவில்லை.

பழைய கோப்பைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. கோப்பு உங்கள் மேசைக்கு வந்துசேரும் நேரம்தான் என் கவலை. நிலம் வாங்கியாயிற்று, கடன் ஏற்பாடாகிவிட்டது, கட்டட வரைபடம் தயார், சில சமயம் விற்பனை விளம்பரம்கூட வந்துவிடுகிறது. அதற்கப்புறம் தாக்க மதிப்பீடு கேட்கிறீர்கள். முகூர்த்தம் குறித்துவிட்டுப் பொருத்தம் பார்க்கிற கதை இது. ஜோசியருக்குத் தட்சணை கொடுப்பதும் மாப்பிள்ளை வீட்டார்தான் என்றால் அவர் என்ன சொல்வார்? அறிக்கை எழுதும் ஆலோசகருக்குப் பணம் தருபவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

இந்த முறையைத் தொடங்கியவர்கள் இப்படி நினைத்துத் தொடங்கவில்லை. 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், அரசு அமைப்புகள் பெரிய காரியங்களில் இறங்குமுன் விளைவுகளையும் மாற்று வழிகளையும் எழுதி வைக்கச் சொன்னது. 1978இல் வந்த அதன் விதிகள், மாற்று வழிகளைப் பற்றிய பகுதிதான் அறிக்கையின் இதயம் என்றன. உங்களிடம் வரும் அறிக்கைகளில் அந்த இதயம் எத்தனை பக்கம்? 'வேறு இடங்களும் பரிசீலிக்கப்பட்டன, இதுவே உகந்தது' என்று இரண்டு வரி. எதுவும் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி. எழுதியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நிலத்தைக் கிரயம் முடித்தவரிடம் மாற்று இடம் கேட்டால் அவர் எங்கே போவார்?

அதே சட்டத்தைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் சொன்னது கொஞ்சம் கசப்பானது: விளைவு தெரியாமல் செயல்படுவதைத்தான் சட்டம் தடுக்கிறது, விவேகமில்லாமல் செயல்படுவதைத் தடுக்கவில்லை. ஆக, அறிக்கை முழுமையாக இருந்து முடிவு மட்டும் மோசமாக இருந்தால் அந்தச் சட்டம் காப்பாற்ற வராது. ஓர் இடத்தில் கட்டலாமா கூடாதா என்று முன்கூட்டியே சொல்லக்கூடியது உங்கள் நிலப் பயன்பாட்டு வரைபடம். எங்கே குடியிருப்பு, எங்கே கட்டக்கூடாது என்று அதில் வண்ணம் தீட்டும் நாளில்தான் உண்மையான முடிவு எடுக்கப்படுகிறது. அன்றைக்கு இப்படி ஓர் ஆய்வை யாரும் கேட்பதில்லை.

ஆற்றோர வெள்ளச் சமவெளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடம் அதைக் குடியிருப்புப் பகுதி என்கிறது. முதலில் ஒருவர் 2 ஹெக்டேரில் மண் கொட்டி மேடாக்குகிறார். வெள்ளம் எவ்வளவு உயரும் என்று கணக்குப் போட்டால் விரற்கடைகூட வராது. அறிக்கை 'புறக்கணிக்கத்தக்கது' என்கிறது, அது உண்மையும்கூட. அடுத்தவர் வருகிறார், அவருக்கும் அதே விடை. பத்தாவது ஆள் வரும்போது முன்னே கொட்டிய ஒன்பது மேடுகளும் அவருடைய அறிக்கையில் 'தற்போதைய நிலை' ஆகிவிடுகின்றன. ஒவ்வொருவரும் முந்தையவர் விட்ட இடத்திலிருந்து அளக்கிறார். நிலம் தொடங்கிய இடத்திலிருந்து அளப்பவர் யாருமில்லை. செடிகொடி மூடிய இயற்கை நிலத்தில் மழையில் சுமார் 10 விழுக்காடுதான் மேற்பரப்பில் ஓடும் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. முக்கால் பங்குக்கு மேல் தாரும் காங்கிரீட்டும் மூடிவிட்டால் அது 55 விழுக்காடு வரை போகும். சிறுதுளி பெருவெள்ளம் என்பதைச் சேமிப்புக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வரம்புகளும் இதற்குத் துணைபோகின்றன. இத்தனை சதுர மீட்டருக்கு மேல் போனால்தான் மதிப்பீடு என்று விதி இருந்தால், அதற்குச் சற்றுக் கீழே நிற்கும்படி திட்டத்தை இரண்டாக வெட்டுவது யாருக்கும் கடினமில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 1999இல் அயர்லாந்துக்கு எதிரான வழக்கில் இதைத்தான் பிடித்தது. பரப்பளவை மட்டும் பார்த்து வரம்பு வைத்து, இடத்தின் தன்மையையும் பல திட்டங்கள் சேர்ந்து உண்டாக்கும் தாக்கத்தையும் விட்டுவிட்டதால், அந்நாடு தன் கடமையிலிருந்து தவறியது என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் கொண்டுவந்த ஒரு நெறிமுறை, தனித்தனித் திட்டங்களுக்கு முன்னதாக, நிலப் பயன்பாட்டுத் திட்டங்களையே மதிப்பீட்டுக்கு உட்படுத்தச் சொல்கிறது. நான் கேட்பதும் அதைத்தான். அதுவும் வெறும் காகிதச் சடங்காகிவிடலாம், தெரியும். ஆனாலும் வரைபட நிலையில் 'இங்கே வேண்டாம், அங்கே கட்டலாம்' என்று சொன்னால் யாருக்கும் பணம் முடங்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த மதிப்பீடு நல்ல திட்டங்களையும் இழுத்தடிக்கிறது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். நியாயமான புகார். கலிஃபோர்னியாவில் ஊருக்கு நடுவே வீடு கட்டுவதைக்கூட, பக்கத்து வீட்டுக்காரர்கள் சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். 2025இல் அத்தகைய குடியிருப்புகள் பலவற்றுக்கு அந்த மாநிலம் விலக்கு அளித்தது. விலக்கு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்கே கட்டலாம் என்பதை முதலிலேயே ஆராய்ந்து முடித்திருந்தால் அங்கே விரைவாக அனுமதி கொடுங்கள். ஆராயாமல் கொடுக்கும் விலக்கைத்தான் ஏற்க முடியவில்லை.

அனுமதியோடு தரும் நிபந்தனைகளின் கதையும் சுருக்கமானதுதான். சர்வதேச நீதிமன்றம் 2010இல் உருகுவே ஆற்றங்கரைக் காகிதக்கூழ் ஆலை வழக்கில், எல்லை தாண்டிப் பெரிய பாதிப்பு வரக்கூடிய இடத்தில் வேலை தொடங்குமுன் மதிப்பீடு கட்டாயம் என்றது. தொடங்கிய பிறகும் கண்காணிப்பு தொடர வேண்டும் என்றது. உங்கள் நிபந்தனைப் பட்டியலை, கொடுத்த நாளுக்குப் பிறகு யாராவது எடுத்துப் பார்த்ததுண்டா?

மழைக்காலம் உட்பட எல்லாப் பருவங்களிலும் நிலத்தைப் பார்த்துவிட்டு வண்ணம் தீட்டுங்கள். அதோடு, உங்களால் மட்டுமே முடிகிற ஒரு வேலை இருக்கிறது. ஒரே வடிநிலத்தில், அதாவது மழைநீர் ஒரே ஆற்றுக்கு வடியும் பரப்பில், கடந்த பத்தாண்டுகளில் கொடுத்த அனுமதிகளின் பட்டியல் எந்த விண்ணப்பதாரரிடமும் இருக்காது, ஆலோசகரிடமும் இருக்காது. அது உங்கள் அலுவலக அலமாரியில் இருக்கிறது. அவற்றையெல்லாம் ஒரே தாளில் குறித்து, ஒவ்வொரு புதிய கோப்பின் முதல் பக்கத்திலும் வையுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் அந்தத் தாள் தயாராகவில்லை என்றால், ஏன் ஆகவில்லை என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். நானும் குறிப்புகளைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன்.

இப்படிக்கு,
பின்னிணைப்புகளையும் படிக்கும் ஒரு குடிமகன்