முகத்துவாரம் தாண்டி வரும் படகுக்காரர்களுக்கு

கடலூர், புதுச்சேரி தனியார் படகு உரிமையாளர்களுக்கு வணக்கம்.

சின்னவாய்க்கால், பில்லுமேடு, எம்.ஜி.ஆர். திட்டு என்று சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கத்துத் திட்டுகளைப் பார்க்க உங்கள் படகில் தாராளமாக வாருங்கள். வரும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லி எழுதுகிறோம்.

பிற்பகலில் கடல்காற்று ஏறியிருக்கும். அப்போது நீர் வற்றிக்கொண்டும் இருந்தால், வெள்ளாற்று முகத்துவாரத்தில் வெளியே பாயும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் மோதிக்கொள்ளும். அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பி மணல்மேட்டின் மேலேயே உடையும். சிறு படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்ப்பது அந்த அலைதான். காலையில், நீர் ஏறத் தொடங்கிய பிறகு நுழையுங்கள். அப்போது தரை தட்டினாலும் ஏறுகிற தண்ணீர் தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். 7 நாளில் கிட்டத்தட்ட 6 மணி நேரம். போன ஞாயிறு தண்ணீர் நிறைந்திருந்த அதே மணிக்கு இந்த ஞாயிறு வற்றிக் கிடக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் மணல்மேட்டை இடம் மாற்றிவிடும். பழைய ஜி.பி.எஸ். தடத்தை நம்பாமல், அன்று காலை அந்த வழியாகப் போய்வந்தவரை அன்னங்கோயில், முடசல்ஓடை மீன் இறங்குதளங்களில் கேளுங்கள்.

உள்ளே வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். இன்ஜினைக் குளிர்வித்து வெளியே பீச்சும் தண்ணீர் மெலிந்தால் சேறு இழுக்கிறது என்று பொருள். உடனே நிறுத்தி, இன்ஜினை நீரிலிருந்து மேலே சாய்த்துத் தூக்குங்கள். இல்லாவிட்டால் பம்பின் இறக்கை தேய்ந்து இன்ஜின் சூடேறும்.

வரிசையாக மிதக்கும் தெர்மாகோல் துண்டும் பாட்டிலும் குப்பையல்ல. அடியில் வலை கிடக்கிறது. வரிசை முடியும் இடம் வரை சுற்றிப் போங்கள். இன்ஜின் விசிறியில் வலை சிக்கினால் கத்தியை எடுக்காதீர்கள். இன்ஜினை அணைத்து, இன்ஜின் மறுபடி ஓடாதபடி சாவிக்கயிற்றை உருவிவிட்டு, விசிறியைக் கையால் எதிர்ப்பக்கம் சுற்றினால் பெரும்பாலும் வலை முழுதாகவே வந்துவிடும். அறுக்கிற ஒவ்வொரு வலைக்கண்ணும் ஒரு வீட்டின் பிழைப்பு.

எம்.ஜி.ஆர். திட்டில் பாட்டுப் பெட்டி வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வாரிக்கொண்டு போன ஊர் அது.

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்பு. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, பெட்டியில் அல்ல, உடம்பில். எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

இப்படிக்கு,
கிள்ளைக் கரையோர மீனவர்கள்