மவுத்பீஸ் நூலகம் பிழைத்தது, உங்களால்

கடலூர், புதுச்சேரி பேண்டு செட் நண்பர்களுக்கும், மஞ்சக்குப்பத்து அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள்ளும்தான் வந்தது.

டிரம்பெட், டிராம்போன், யூபோனியம், டியூபா என்று ஊதுகருவிகளுக்கு நம் நூலகம் இரவல் கொடுக்கும் மவுத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும், கழற்றி மாட்டும் முனை) எல்லாம் சேற்றோடு ஒரே குவியலாகக் கிடந்தன. உதவ வந்தவர்கள் கையில் புளி. பித்தளை என்றால் நமக்கு வேறென்ன தோன்றும்? அந்த நேரம் நகைப்பட்டறை ஆசாரி ஒருவர் எட்டிப் பார்த்து, "தேய்ச்சிடாதீங்க தம்பி, மேல வெள்ளி முலாம் இருக்கு" என்றார். அவர் பட்டறைக்குள்ளும் சேறுதான். இருந்தும் அத்தனையையும் வாங்கிப்போய், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, நகை கழுவும் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகக் கழுவினார். விளிம்பில் முலாம் போனவற்றைத் தனியே எடுத்து வைத்தார். வெறும் பித்தளை பட்டால் சிலருக்கு உதடு அரிக்கும். அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எந்த பீஸ் என்ன அளவு என்று எழுதியிருந்த பதிவேடு கூழாகிவிட்டது என்று பேச்சுவாக்கில்தான் சொன்னேன். பாக் கம்பெனி பீஸ் என்றால் மேலேயே 7சி, 3சி என்று அளவெண் பொறித்திருக்கும், பிழைத்தோம். மீரட்டில் செய்த பழசுகள் பலவற்றில் எண்ணே கிடையாது. அவர் வெர்னியர் அளவுகோலை எடுத்து உள்விட்டத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார். டிரம்பெட் பீஸ் 16, 17 மில்லிமீட்டர், டிராம்போன் 25 பக்கம், டியூபா 30-ஐத் தாண்டும். பாக் பீஸில் எண் குறையக் குறைய வாய் அகலமாகும் என்றதும் சிரித்தார். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினாலும் உதட்டுக்குத் தெரியும் என்று நான் சொன்னால் பலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இவர் தலையாட்டிவிட்டு இன்னொரு தடவை அளந்தார். புதிய பதிவேட்டின் முதல் பக்கங்கள் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பு, அதனால் போடவில்லை.

பெட்டிகளைத் தோளில் தூக்கிய பிள்ளைகள், மாடியில் இடம் கொடுத்த அக்கா, தன்னிடமிருந்த பீஸ்களையே கொடுத்துவிட்டுப் போன ஓய்வுபெற்ற போலீஸ் பேண்டு ஐயா, சோறு கொண்டுவந்தவர்கள், எல்லாருக்கும் நன்றி.

டிரம்பெட் வாங்கும் பையன் கூட வரும் ஒரே பீஸோடு மல்லுக்கட்டுகிறான். நாலைந்தை வாயில் வைத்துப் பார்க்க அவனுக்கு வசதி ஏது? அதற்காகத்தான் இந்த நூலகம். இனி பெட்டி பரணில்தான் இருக்கும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் முன்பணம் வாங்கப் போவதில்லை.

அப்புறம், தவணை தாண்டியும் திருப்பித் தராமல் வைத்திருந்தவர்களுக்குத் தனி நன்றி. உங்களிடம் இருந்தவை மட்டும்தான் நனையவில்லை. சரி, இப்போது கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.